உங்க தும்மலுக்கு எங்க கழனி மருந்து கிடையாது

வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது எனக்கு போன் பண்ணி ஒரே விஷயத்தைக் கேக்கறாங்க. சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்க. எல்லாரும் மெட்ராஸ். "உங்ககிட்டதான் இவ்வளவு நிலம் இருக்கே, எங்க நாயை அங்க விட்டுடட்டுமா? பையனுக்கு நாய் அலர்ஜியாம். அது ஒண்ணும் தொந்தரவு பண்ணாது, சும்மா ஒரு ஓரமா இருக்கும்."

எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்றேன். முடியாது. ஏன் முடியாதுன்னு போன்ல விளக்கிச் சொன்னா கோவிச்சுக்கறாங்க. அதனால இங்க எழுதறேன். அடுத்து கேக்கறவங்களுக்கு இந்தப் பக்கத்தோட லிங்க்கை அனுப்பிடப் போறேன்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். அலர்ஜி பொய்னு நான் சொல்லலை. நெல்லு தூத்தும்போது தூசியில மூச்சு முட்டி உக்காந்த ஆளுங்களை நான் பாத்திருக்கேன். பார்த்தீனியம் செடியைப் பிடுங்கிட்டு வந்து உடம்பெல்லாம் தடிச்சுப்போன ஆளையும் பாத்திருக்கேன். "கிராமத்துல யாருக்கும் அலர்ஜி கிடையாது, சுத்தமான காத்து" அப்படின்னு வாட்ஸ்அப்ல சுத்துறது கதை. நான் சண்டை போடறது அலர்ஜியோட இல்லை. அலர்ஜின்னு சொல்லிட்டா அடுத்த வேலை நாயை வெளியேத்தறதுதான்னு நடுவுல எதையுமே செய்யாம முடிவுக்கு வந்துடறாங்களே, அதோடதான் சண்டை. நடுவுல செய்யவேண்டியது நிறைய இருக்கு. அதுல பாதி, நாயை ஒழுங்கா குளிப்பாட்டி சீவி விடறது.

எங்க ஊர் மதுராந்தகம் பக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்து உள்ள வர்ற தார் ரோடு ஏரிக்கரையை ஒட்டித்தான் வரும். அந்தக் கரையில காரை நிறுத்தி, கதவைத் திறந்து, நாயை இறக்கிவிட்டுட்டுப் போயிடறாங்க. கொரோனா ஊரடங்கு முடிஞ்சு ஆபீஸ் திறந்த காலத்துல இது அதிகமா நடந்துச்சு. போன வருஷம் ஒரு கோல்டன் ரெட்ரீவர். கழுத்துல பட்டை இருந்த தழும்பு மட்டும் இருக்கு, பட்டை இல்லை. ரெண்டு நாள் அதே இடத்துலயே உக்காந்து, போற வர்ற ஒவ்வொரு காரையும் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எங்க ஊர் நாய்ங்க அதைப் பக்கத்துல சேத்துக்கலை, கடிச்சுத் துரத்துச்சுங்க. அவ்வளவு அடர்த்தியான முடிக்குள்ள உண்ணி மொய்ச்சு, காய்ச்சல் வந்து, நாங்க தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஈறெல்லாம் வெளுத்துப்போச்சு. பதினோராம் நாள் செத்துடுச்சு. வேப்பமரத்துக்குக் கீழ நான்தான் குழி தோண்டினேன்.

"கிராமத்துல விட்டா சுதந்திரமா ஓடி விளையாடும்"னு நினைக்கறவங்களுக்காக இதைச் சொல்றேன். ஏசி ரூம்ல, பாக்கெட் தீனியில வளர்ந்த நாய்க்கு எங்க ஊர் சுதந்திரம் இல்லை. பசி, உண்ணி, கடி, லாரி, இதுதான் அதுக்கு எங்க ஊர்.

சரி, இப்ப சாந்தோமுக்கு வர்றேன். என் அக்கா வீடு அங்கதான். பேராலயத்துக்குப் பின்பக்கத் தெரு ஒண்ணுல, ரெண்டாவது மாடி, ரெண்டு ரூம். அங்க ப்ரூனோன்னு ஒரு லாப்ரடார். அக்கா மகளுக்குப் பத்து வயசுல தும்மல் ஆரம்பிச்சுது. காலையில எழுந்ததும் பத்துப் பதினஞ்சு தும்மல், கண்ணு அரிப்பு, மூக்கு ஒழுகல். பக்கத்து வீட்டுக்காரங்க, ஸ்கூல் டீச்சர், மாமாவோட அம்மா எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க: "நாய்தான். அதை அனுப்பிடுங்க." அக்கா எனக்கு போன் பண்ணி, "தம்பி, நீயாவது வெச்சுக்கறியா?"ன்னு அழுதா. அவகிட்டயும் நான் இதே பதில்தான் சொன்னேன். "முதல்ல பொண்ணை டாக்டர்கிட்ட காட்டு. எதுன்னே தெரியாம நாய் மேல பழி போடாதே."

அலர்ஜி டாக்டர் முன்கையில சின்னச் சின்னதா குத்தி, ஒவ்வொரு சொட்டா வெச்சு சோதனை பண்ணினார். இந்தச் சோதனைக்குப் போறதுக்குச் சில நாள் முன்னாடியே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வாங்க, இல்லைன்னா முடிவு சரியா வராது. பெருசா தடிச்சு வந்தது நாய்க்கு இல்லை, வீட்டுத் தூசிச் செள்ளுக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது. மெத்தை, தலையணை, சோபா, திரைச்சீலையில இருந்துக்கிட்டு, நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோலைத் தின்னு வாழுது. ஈரக்காத்து இருந்தா பெருகும். சாந்தோம்ல கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு. வருஷம் முழுக்க காத்துல ஈரம். அந்தப் பூச்சிக்கு அதைவிட நல்ல ஊர் எங்க கிடைக்கும்? நாய்க்கும் தடிச்சது, ஆனா கொஞ்சமா. அதாவது ப்ரூனோ குற்றவாளிதான், ஆனா ரெண்டாவது குற்றவாளி. முதல் குற்றவாளி மெத்தைக்குள்ள சொகுசா படுத்திருந்தான். ப்ரூனோவை மட்டும் அனுப்பியிருந்தா தும்மல் அப்படியே இருந்திருக்கும், நாய்தான் போயிருக்கும்.

எல்லா வீட்டுலயும் இப்படித்தான் இருக்கும்னு நான் சொல்லலை. சில குழந்தைக்கு நாய்தான் முதல் காரணமா இருக்கும். ஆனா அது என்னன்னு பாக்காமலே நாயைக் கார்ல ஏத்தறீங்க பாருங்க, அதைத்தான் கேக்கறேன்.

நாய் எப்படி அலர்ஜி தருது? நூத்துக்குத் தொண்ணூறு பேர் முடின்னு சொல்வாங்க. எங்க ஊர்லயும் "நாய் முடி மூச்சுல போனா இழுப்பு வரும்"னுதான் சொல்வாங்க. வீட்டுல பொண்ணு கர்ப்பமானதும் நாயைத் துரத்தற பழக்கம் இதுல வந்ததுதான். உண்மையில பிரச்சனை முடி இல்லை, நாயோட எச்சில்லயும் தோல் செதில்லயும் இருக்கிற புரதம். முக்கியமான புரதத்துக்கு விஞ்ஞானிங்க வெச்ச பேரு கேன் எஃப் 1. நாய் உடம்பை நக்கும்போது எச்சில் முடியில ஒட்டிக் காயுது. தோல்ல இருந்து பொடுகு மாதிரி செதில் உதிருது. அது தூசியை விட லேசா காத்துல மிதக்குது, சோபாவுல படியுது, துணியில ஒட்டுது. நாயே வளக்காத பசங்க இருக்கிற வகுப்பறைத் தூசியிலயும் இந்தப் புரதம் இருக்கு, மத்த பசங்க சட்டையில ஒட்டிக்கிட்டு வந்ததுதான்.

முடி வெறும் வண்டி, சரக்கு வேற. இதைப் புரிஞ்சுக்கிட்டா மூணு விஷயம் தானா விளங்கிடும். நாயை மொட்டை அடிச்சா அலர்ஜி போகாது. முடி கம்மியா இருக்கிற நாய் வாங்கினாலும் போகாது. நாயைத் துரத்தின மறுநாளும் போகாது. வீட்டுல படிஞ்சது மாசக்கணக்குல அங்கயே இருக்கும். "நாயை அனுப்பியும் பையன் தும்மறான்"னு சொல்ற வீடுங்க எத்தனையோ. அப்ப சோபாவையும் எங்க ஊருக்கே அனுப்பி வைப்பீங்களா?

இந்த இடத்துலதான் வியாபாரிங்க நுழையறாங்க. "அலர்ஜியே வராத நாய்"னு சொல்லி பூடுல், ஷிட்ஸு, லாப்ரடூடுல்னு விக்கறாங்க. நம்ம ஊர் வெயில்ல வளர்றதுக்கே லாயக்கில்லாத நாய்க்கு லட்ச ரூபாய் வரைக்கும் விலை பேசறாங்க. 2009ல ஒபாமா வெள்ளை மாளிகைக்கு போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் ஒண்ணைக் கொண்டுவந்தார், மூத்த மகளுக்கு அலர்ஜின்னு சொல்லி. உலகம் முழுக்க அந்த நியூஸ் ஓடினதுல இந்த வியாபாரம் இன்னும் சூடு பிடிச்சுது.

லாப்ரடூடுல் கதை அதைவிட வேடிக்கை. ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாதவங்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கற நிறுவனத்துல வேலை பார்த்தவர் வாலி கான்ரான். ஹவாய்ல ஒரு பார்வையில்லாத அம்மாவுக்கு நாய் வேணும், ஆனா அவங்க வீட்டுக்காரருக்கு நாய் அலர்ஜி. 1989ல லாப்ரடாரையும் பூடுலையும் சேத்தார். பிறந்த மூணு குட்டியோட முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதிச்சதுல, ஒரே ஒரு குட்டிதான் அந்த மனுஷருக்கு ஒத்துக்கிச்சு. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த மூணுல ரெண்டு ஒத்துக்கலை! ஆனா கடைக்காரன் "இந்த ஜாதியே அலர்ஜி தராது"ன்னு சொல்லி வித்துட்டான். இதை ஏன் ஆரம்பிச்சு வெச்சோம்னு கான்ரானே பிற்காலத்துல வருத்தப்பட்டுப் பேசினார். 2012ல நெதர்லாந்துல நடந்த ஆய்வுல, அலர்ஜி தராதுன்னு பேர் வாங்கின ஜாதி நாய்ங்களோட முடியில அந்தப் புரதம் மத்த நாயை விடக் கூடுதலாவே இருந்துச்சு. எந்த ஜாதியையும் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லைன்னு அதுல முடிச்சிருக்காங்க.

வெளிநாட்டு நாய்க்காரங்களைத் திட்டினதும் நம்ம ஆளுங்க சிலர் கை தட்டுவாங்க. "அதான் நாட்டு நாய் வளக்கணும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வளத்தா அலர்ஜியே வராது." அய்யா, நானும் நாட்டு நாய் வளக்கறவன்தான். ராஜபாளையத்துக்கு 2005ல இந்திய அரசு தபால் தலையே வெளியிட்டுச்சு, அதுல எனக்கும் பெருமை உண்டு. நம்ம வெயிலைத் தாங்கும், ஓடும், காவல் காக்கும், எல்லாம் சரி. ஆனா அதுக்கும் எச்சில் இருக்கு, அதுக்கும் தோல் உதிரும். எங்க வீட்டுல யாரும் தும்மலைன்னா, எங்க நாய் உசத்தின்னு அர்த்தமில்லை. எங்க நாய் களத்துமேட்டுல படுக்குது, திண்ணையைத் தாண்டி உள்ள வராது, அவ்வளவுதான். அதே நாயை சாந்தோம் ஃப்ளாட்ல ஏசி போட்டு ஜன்னலை மூடிட்டு கட்டில்ல படுக்க வெச்சா, அதுவும் உங்களைத் தும்ம வைக்கும்.

வெளிநாட்டு ஆய்வு எல்லாம் நாய்க்கு எதிரா மட்டுமே பேசலை. 2015ல ஸ்வீடன்ல லட்சக்கணக்கான குழந்தைகளோட பதிவேட்டை வெச்சுப் பாத்தாங்க. பிறந்த முதல் வருஷத்துல வீட்டுல நாய் இருந்த குழந்தைங்களுக்கு, பள்ளிக்கூட வயசுல ஆஸ்துமா சுமார் 13 சதவீதம் கம்மியா இருந்துச்சு. ஏற்கெனவே அலர்ஜி வந்தவங்களுக்கு இது மருந்து இல்லை, அதை அப்படி எடுத்துக்கக் கூடாது. ஆனா கைக்குழந்தை இருக்கிற வீட்டுல நாய் இருந்தாலே ஆபத்துன்னு மிரட்டறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

இப்ப குளிப்பாட்டற விஷயம். 1999ல இங்கிலாந்துல, மான்செஸ்டர் டாக்டருங்க நாய்ங்களைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி அளந்து பாத்தாங்க. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினதும் முடியிலயும் செதில்லயும் இருந்த அந்தப் புரதம் நல்லா இறங்குது. ஆனா சில நாள்லயே பழையபடி ஏறிடுது. அதனால இறங்கினது இறங்கினபடி இருக்கணும்னா வாரத்துக்கு ரெண்டு தடவையாவது குளிப்பாட்டணும்னு சொன்னாங்க. மாசம் ஒரு தடவை பெட் ஸ்பாவுல விட்டு, ரிப்பன் கட்டி, சென்ட் அடிச்சுக் கூட்டிட்டு வர்றீங்களே, அலர்ஜியைப் பொறுத்தவரை அதுல மூணு நாள்தான் கணக்கு. மிச்ச இருபத்தேழு நாள் பழைய கதைதான். வாசனை வர்றதும் சுத்தமா இருக்கிறதும் ஒண்ணு இல்லை.

அக்கா வீட்டுல என்ன செஞ்சாங்கன்னு வரிசையா சொல்றேன். பெரிய வித்தை எதுவும் இல்லை.

புதன், ஞாயிறு ரெண்டு நாள் குளியல். குளிப்பாட்டறது மாமா. அலர்ஜி இருக்கிற பிள்ளை அந்தப் பக்கமே வராது. அலர்ஜி உள்ளவங்களையே குளிப்பாட்ட விடறது முட்டாள்தனம். குளிக்கறதுக்கு முன்னாடி சீப்பால வாரி உதிர்ந்த முடியை எடுத்துடணும். அதையும் வீட்டுக்குள்ள செய்யக்கூடாது, மொட்டை மாடியிலயோ வெளியிலயோ, மூக்கை மூடிக்கிட்டு. அப்புறம் தோல் வரைக்கும் நனையற மாதிரி தண்ணி. லாப்ரடாருக்கு முடி ரெண்டு அடுக்கு. மேலாக ரெண்டு சொம்பு ஊத்தினா உள்ள காஞ்சே இருக்கும். விரலை விட்டு அலசணும்.

ஷாம்பு நாய்க்குன்னு இருக்கிறதா இருக்கணும். நம்ம சோப்பு, துணி சோப்பு, டெட்டால் இதெல்லாம் வேண்டாம். நம்ம தோலும் நாய்த் தோலும் வேற வேற. நம்மது கொஞ்சம் அமிலத்தன்மை, நாயோடது அந்த அளவுக்கு இல்லை. நம்ம சோப்பைப் போட்டா தோல் வறண்டு, அரிச்சு, சொறிஞ்சு, முன்னைவிட அதிகமா செதில் உதிரும். தும்மலைக் குறைக்கணும்னு குளிப்பாட்டி அதைக் கூட்டிவிட்ட கதையாயிடும். வாரம் ரெண்டு தடவைன்னா மென்மையான, தோலை வறட்டாத ஷாம்பு எதுன்னு கால்நடை டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க. நுரை அஞ்சு நிமிஷமாவது உடம்புல இருக்கணும். அப்புறம் வழுவழுப்பு போற வரைக்கும் அலசணும். மிச்சம் தங்கின ஷாம்புவே அரிப்பைக் கொண்டுவரும்.

கடைசியாத்தான் மெட்ராஸ்ல எல்லாரும் கோட்டை விடற இடம் வருது: துவட்டறது. சாந்தோம் மாதிரி ஈரக்காத்துல, நாயை அரைகுறையா துடைச்சு விட்டா அடிமுடி நாள் பூரா ஈரமாவே இருக்கும். அக்குள், விரல் இடுக்கு, காது மடல் அடியில பூஞ்சை பிடிச்சு நாத்தம் அடிக்கும். ரெண்டு துண்டு எடுத்து அழுத்தித் துடைச்சு, ஃபேனுக்குக் கீழ உக்கார வைக்கணும். காதுக்குள்ள தண்ணி போகாம பாத்துக்கணும். குளிப்பாட்டின ஆளு சட்டையை மாத்திட்டுத்தான் பிள்ளை பக்கத்துல போகணும். துண்டை உடனே துவைக்கப் போட்டுடணும்.

குளியலோட நிக்கலை. படுக்கையறைக்குள்ள ப்ரூனோவுக்கு இடம் கிடையாது. மொத நாலு நாள் கதவைப் பிராண்டுச்சு, அப்புறம் ஹால் மூலையில அதுக்குன்னு போட்ட விரிப்புல படுத்துக்கிச்சு. அந்த விரிப்பு வாரா வாரம் சுடுதண்ணில துவையல். ஹால்ல கிடந்த கம்பளத்தைச் சுருட்டி எடுத்துட்டாங்க. தரையைப் பெருக்கறதை விட்டுட்டு ஈரத்துணியால துடைக்கறாங்க, பெருக்கினா படிஞ்சதெல்லாம் மறுபடி காத்துல ஏறும். தூசிச் செள்ளுக்காக மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வெச்ச உறை. டாக்டர் சொன்ன மூக்கு ஸ்ப்ரேயை நிறுத்தாம போட்டாங்க. மூணு மாசத்துல காலைத் தும்மல் ரெண்டு மூணாக் குறைஞ்சுது. எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. எல்லாம் சேந்துதான். ப்ரூனோ இன்னும் அங்கதான் இருக்கான்.

"அதெல்லாம் சரி, தண்ணி?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். 2019 ஜூன்ல மெட்ராஸ் ஏரிங்க வறண்டு, லாரிக்கு ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தவங்ககிட்ட நாய்க்கு வாரம் ரெண்டு குளியல்னு சொன்னா அடிக்கத்தான் வருவாங்க. அந்த மாதிரி நாள்ல நிறுத்திக்கங்க, ஈரத்துணியால துடைச்சு விடுங்க. ஆனா மத்த நாள்ல கணக்கைப் பாருங்க. பக்கெட்டும் சொம்பும் வெச்சு லாப்ரடாரைக் குளிப்பாட்ட ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு பக்கெட். நீங்க ஷவரைத் திறந்துவிட்டு பாட்டுப் பாடிக்கிட்டே பத்து நிமிஷம் நிக்கறதுக்கு அதைவிட அதிகமா ஆகுது. ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணி பாய்ச்சறேன்னு எனக்குத் தெரியும். அதனால தண்ணிக் கணக்கை என்கிட்ட பேசாதீங்க.

கடலோரத்துல போர் தண்ணி உப்புக் கரிக்கும். அதுல குளிப்பாட்டினாலும் கடைசி ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணியா இருக்கட்டும். பட்டினப்பாக்கம் பீச்சுல அலையில இறக்கிக் கூட்டிட்டு வந்துட்டு "குளிப்பாட்டியாச்சு"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அது குளியல் இல்லை, விளையாட்டு. உப்பும் மணலும் தோல்ல தங்கினா அரிப்புதான் மிச்சம். கடல்ல இறக்கினா வீட்டுக்கு வந்து நல்ல தண்ணில அலசியே ஆகணும்.

அசோசியேஷன்காரங்க சங்கதி ஒண்ணு இருக்கு. மொட்டை மாடியில நாயைக் குளிப்பாட்டக் கூடாதுன்னு அக்கா அபார்ட்மென்ட்ல நோட்டீஸ் ஒட்டினாங்க. முடி போய் மழைநீர்க் குழாயை அடைக்குதாம். அது நியாயமான குறைதான். மாமா குழாய் வாய்ல ஒரு வலையை வெச்சு, முடிஞ்சதும் முடியை வாரி எடுத்துடறார். அதோட பிரச்சனை தீந்துச்சு. இப்படிப் பேசித் தீக்கற விஷயத்துக்குக் கூட நாயை அனுப்பிட்டவங்க உண்டு.

இன்னொண்ணு, நாய்க்கே அலர்ஜி வரும். இது பல பேருக்குத் தெரியறதில்லை. தெள்ளுப்பூச்சி கடி, வீட்டுத் தூசி, சாப்பாடுன்னு பல காரணம். நாள் பூரா பாதத்தை நக்கிக்கிட்டே இருக்கும், காதை உதறும், வயித்துல சிவந்து கிடக்கும். அரிக்கிற நாய் சொறியும், நக்கும். சொறிஞ்சா செதில், நக்கினா எச்சில். ரெண்டுமே உங்க மூக்குக்குத்தான் வரும். அதனால நாயோட தோலைக் கவனிக்கறது உங்க குழந்தையோட மூச்சைக் கவனிக்கற மாதிரிதான். வேப்பேரியில 1903லேர்ந்து நடக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்க ஆஸ்பத்திரி இருக்கு. சாந்தோம்ல இருந்து எங்க ஊருக்கு நாயை ஏத்திக்கிட்டு வர்ற தூரத்துல பத்துல ஒரு பங்கு கூட வராது.

இவ்வளவும் செஞ்சும் முடியாதவங்க இருக்காங்க, அவங்க பக்கமும் பேசிடறேன். குழந்தைக்கு ஆஸ்துமா கடுமையா இருக்கு, நாய் பக்கத்துல வந்தா நெஞ்சு விசிலடிக்குது, இன்ஹேலர் இல்லாம ராத்திரி தூங்க முடியலை, டாக்டரே சோதிச்சுப் பாத்து நாய் வேண்டாம்னு சொல்லிட்டார். அங்க நான் ஷாம்பு பத்திப் பேச மாட்டேன். குளியல் அந்தப் புரதத்தைக் குறைக்கும், இல்லாம ஆக்காது. குழந்தையோட மூச்சுதான் முக்கியம், நாய் வேற வீட்டுக்குப் போகட்டும். ஆனா வேற *வீட்டுக்கு*. நாய் பழக்கம் இருக்கிற, இடமும் மனசும் இருக்கிற ஒரு குடும்பத்தைத் தேடுங்க. தடுப்பூசி அட்டை, சாப்பாட்டுப் பழக்கம், கருத்தடை விவரம் எல்லாத்தையும் கையில குடுங்க. ஒரு மாசம் போய்ப் பாருங்க. அதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகலாம். அது வரைக்கும் நாய் உங்க பொறுப்புதான்.

ஏரிக்கரையில இறக்கிவிடறது சட்டப்படியே குற்றம். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பசியிலயும் தாகத்துலயும் கிடந்து தவிக்கற மாதிரி எந்தப் பிராணியையும் கைவிடக் கூடாதுன்னு சொல்லுது. முதல் தடவை மாட்டினா அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்ல இருந்து அம்பது ரூபாய். ஒரு பாட்டில் நாய் ஷாம்பு அதைவிட விலை ஜாஸ்தி. சட்டம் இந்த லட்சணத்துல இருக்கிற வரைக்கும் உங்க மனசாட்சியை நம்பித்தான் நாய் உயிர் வாழணும். அபராதத்தை உயர்த்தணும், நாய்க்கு மைக்ரோசிப் போட்டு யார் வீட்டு நாய்னு பதிவு பண்றதை மாநிலம் முழுக்கக் கண்டிப்பா கொண்டுவரணும். ஏரிக்கரையில கிடக்கிற நாயை ஸ்கேன் பண்ணினா சாந்தோம், மயிலாப்பூர், அடையாறுன்னு விலாசம் வரணும். வந்தா இந்தக் கார் எதுவும் எங்க கரைக்கு வராது.

கடைசியா, இன்னும் நாய் வாங்காதவங்களுக்கு. உங்க குழந்தை "நாய் வேணும்"னு அடம் பிடிக்குதா? கடைக்குப் போகாதீங்க. நாய் வளக்கற சொந்தக்காரங்க வீட்டுக்குக் குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு தடவை இல்லை, நாலஞ்சு தடவை. ரெண்டு மூணு மணி நேரம் நாயோட விளையாட விடுங்க, அதைக் குளிப்பாட்டின மறுநாளும் போங்க, குளிப்பாட்டி ஒரு வாரம் ஆன நாள்லயும் போங்க. தும்மல், கண் அரிப்பு, இழுப்பு எதுவாவது வருதான்னு பாருங்க. வந்தா டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. சில பேருக்கு ஆண் நாயோட உடம்புல மட்டும் சுரக்கற ஒரு புரதம்தான் ஒத்துக்காது, பொட்டை நாயோ கருத்தடை பண்ணின நாயோ ஒத்துக்கலாம். அது கூட ரத்தப் பரிசோதனையில தெரியும். இத்தனைக்கும் ஆகிற செலவு, ஒரு குட்டி வாங்கற விலையில கால்வாசி வராது. வாரம் ரெண்டு தடவை முட்டி போட்டு உக்காந்து நாயைத் தேய்ச்சுக் குளிப்பாட்ட வீட்டுல ஒரு ஆள் இருக்காரான்னும் இப்பவே கேட்டுக்கங்க. இல்லைன்னா வாங்காதீங்க.